நிறமும் ஒரு பரமானம்தான்



செய்நிரலாக்க அலகில் சார்புகள், பரமானங்கள் என்ற பகுதி வந்ததும் உங்களில் பலர் இரண்டு மூன்று பக்கங்களை ஒன்றாகப் புரட்டிவிடுவீர்கள். வகுப்பிலே கண்டிருக்கிறேன். நிபந்தனைக் கூற்றும் மீள்செயலும் நன்றாகக் கைவந்த பிள்ளைகள்கூட, ஒரு சார்பை அழைக்கும்போது உள்ளே என்ன போகிறது, வெளியே என்ன வருகிறது, உள்ளே மாற்றினால் வெளியேயும் மாறுமா என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். இது அவர்களுடைய குறை அன்று. ஆசிரியர்களாகிய நாங்கள் கொடுக்கும் உதாரணங்கள் அப்படி. இரண்டு எண்களை அனுப்பிக் கூட்டுத்தொகை பெறுவோம். மூன்று பாடப் புள்ளிகளை அனுப்பிச் சராசரி பெறுவோம். முதலாவது எண்ணும் இரண்டாவது எண்ணும் இடம் மாறிப் போனாலும் கூட்டுத்தொகை மாறாது. பிழை நடந்தும் கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே இந்தக் கட்டுரையில் எண்ணுக்குப் பதிலாக நிறத்தை அனுப்பப் போகிறோம். நிறம் பிழைத்தால் திரை உடனே காட்டிக்கொடுத்துவிடும். நான் எடுத்துக்கொள்ளும் மொழி ஜாவா. உங்கள் உயர்தரப் பாடத்திட்டத்தில் உள்ளது பைதன். ஜாவாவில் வினா வராது. அதற்காகப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பரமானம் என்ற விடயம் இரு மொழிகளுக்கும் பொதுவானது. அத்துடன் ஜாவா பரமானத்தின் வகையையும் கேட்டு நிற்கும் மொழி என்பதால், எதை அனுப்புகிறோம் என்று யோசிக்காமல் அதில் ஒரு வரியும் எழுத முடியாது.

ஒரு குறிப்பு. ஜாவாவுக்கே உரிய கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் தந்துள்ளேன்; கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். ஆனால் நாங்களாக வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். ஜாவா தொடக்கத்திலிருந்தே யூனிகோட் எழுத்துகளைப் பெயராக ஏற்கும் மொழி. பைதனும் 3 ஆம் பதிப்பிலிருந்து ஏற்கிறது. எனவே கீழே வரும் ‘பட்டை’, ‘செங்காவி’ என்னும் பெயர்களைத் தமிழில் தட்டினாலும் செய்நிரல் ஓடும்.

இனி இடத்தைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வந்தால் கொக்குவில், கோண்டாவில், இணுவில் கழிய, சுன்னாகத்துக்கு முன்பாக வருவது மருதனார்மடம் சந்தி. மரக்கறிச் சந்தை, நெடிய ஆஞ்சநேயர் சிலை, 1913 இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பெண்கள் கல்லூரி, பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவு எல்லாம் அந்தச் சுற்றுவட்டத்திலேயே உள்ளன. உரும்பிராய்ப் பக்கம் திரும்பும் வீதியில் ஓர் ஓட்டு வீட்டின் முன்னறையில் 2004 முதல் சில ஆண்டுகள் நான் மாலை வகுப்பு நடத்தினேன். 2002 இல் ஏ9 பாதை திறந்த பின் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்த பாவித்த கணினிகள் நான்கு இருந்தன. பிள்ளைகள் பதினாறு பேர்.

2006 ஓகஸ்ட் மாதம் ஏ9 மறுபடியும் மூடப்பட்டது. ஊரடங்கும் மின்வெட்டும் வகுப்பின் நேரத்தைத் தின்றுவிட்டன. ஒரு பிள்ளைக்குக் கிழமையில் அரை மணித்தியாலம் கணினி கிடைத்தால் அது பெரிய காரியம். மிச்சப் படிப்பு முழுவதும் சதுர றூள் கொப்பியில் நடந்தது. செய்நிரலைக் கொப்பியில் எழுதுவார்கள். பிறகு தாங்களே கணினியாகி ஒவ்வொரு கூற்றாக ஓட்டுவார்கள். எந்த மாறிக்கு என்ன பெறுமானம் என்று அட்டவணை போட்டு, வரும் படத்தை நிறப் பென்சிலால் தீட்டுவார்கள். மின்சாரம் வரும் நாளில் திரையில் வருவதோடு அதை ஒப்பிடுவோம். பரீட்சை மண்டபத்திலும் உங்களிடம் கணினி இருக்கப் போவதில்லை என்பதால், அந்தப் பிள்ளைகள் செய்ததையே நீங்களும் செய்யும்படி கேட்கிறேன்.

ஜாவாவைப் பற்றிச் சுருக்கமாக: ஜேம்ஸ் கொஸ்லிங் தலைமையில் சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் நிறுவனத்தில் உருவாகி 1995 இல் அறிமுகமான மொழி. சன் நிறுவனத்தை 2010 இல் ஒராக்கிள் வாங்கியது. இணையப் பக்கத்துக்குள் ஓடும் அப்லெற் என்ற சிறு செய்நிரல்களால்தான் ஜாவா முதலில் பேர் பெற்றது. அந்த அப்லெற்றுகளின் காலம் முடிந்துவிட்டது. ஆனால் படம் வரைவதற்கென்று தொடக்கத்திலேயே வைத்த கிராபிக்ஸ், கலர் என்னும் இரண்டு வகுப்புகளும் இன்றும் இருக்கின்றன. கலர் வகுப்பிலே பதின்மூன்று நிறங்களுக்குப் பெயர் உண்டு. அதிலே இளஞ்சிவப்பு என்றால் 255, 175, 175. செம்மஞ்சள் என்றால் 255, 200, 0. மண்ணிறம் என்றொரு பெயர் அந்தப் பதின்மூன்றில் இல்லை. செம்மண் ஊரில் இருந்துகொண்டு படிப்பவர்களுக்கு இது ஒரு குறைதான்.

எங்கள் முதற் பயிற்சி கோயில் மதில். செங்காவியும் வெள்ளையும் மாறி மாறி நிலைக்குத்தாக வரும் பட்டைகளை நீங்கள் எந்த ஊரிலும் பார்த்திருப்பீர்கள். பத்துப் பட்டை, ஒவ்வொன்றும் இருபது புள்ளி அகலம். இதைச் செய்ய ஒரு முறை எழுதுகிறோம். முறை என்றால் வகுப்புக்குள் இருக்கும் சார்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் தலைப்பு: பட்டை(கி, இடம், நிறம்). ‘கி’ என்பது வரையும் தாள், அதாவது கிராபிக்ஸ் பொருள். ‘இடம்’ ஒரு நிறைவெண். ‘நிறம்’ ஒரு கலர் பொருள். உள்ளே இரண்டே கூற்றுகள்: கி.செற்கலர்(நிறம்), அடுத்தது கி.ஃபில்றெக்ற்(இடம், 0, 20, 200). முதலாவது தூரிகையை அந்த நிறத்தில் தோய்க்கிறது. இரண்டாவது செவ்வகத்தை நிரப்புகிறது.

மீள்செயலில் எண்ணி 0 முதல் 9 வரை ஓடும். எண்ணி இரட்டை என்றால் பட்டை(கி, எண்ணி×20, செங்காவி); ஒற்றை என்றால் பட்டை(கி, எண்ணி×20, வெள்ளை). எண்ணி 7 ஆகும்போது என்ன நடக்கிறது? இடம் 140, நிறம் வெள்ளை. கொப்பியில் 140 ஆவது புள்ளியிலிருந்து 160 வரை தீட்டாமல் விடவேண்டும். ஒரே முறையைப் பத்துத் தடவை அழைக்கிறோம். பத்துத் தடவையும் உள்ளே இருக்கும் கூற்றுகள் அவையேதான். போகும் பெறுமானம்தான் வேறு. பரமானம் என்றால் என்ன என்று வரைவிலக்கணம் கேட்டால் நீங்கள் எழுத வேண்டியதும் இதுவே: அழைக்கும் இடத்திலிருந்து வரும் பெறுமானத்தை ஏற்பதற்கு, சார்பின் தலைப்பிலே பெயரிட்டு வைத்த மாறி.

செங்காவிக்கு 160, 60, 40 என்று எடுத்துக்கொண்டோம். முதலாவது எண் சிவப்பு, இரண்டாவது பச்சை, மூன்றாவது நீலம். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. இந்த மூன்றையும் மூன்று நிறைவெண் பரமானமாகவே பட்டைக்கு அனுப்பினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அனுப்பலாம். ஆனால் இடம், உயரம், அகலம் எல்லாமே நிறைவெண்கள். ஆறேழு நிறைவெண்கள் வரிசையில் நிற்கும்போது உயரம் சிவப்பின் இடத்துக்கும் சிவப்பு அகலத்தின் இடத்துக்கும் போய்விட்டால் ஜாவா ஒரு சொல்லும் சொல்லாது. எல்லாம் நிறைவெண்தானே என்று ஓடிவிடும். மூன்றையும் சேர்த்து ஒரு கலர் பொருளாக்கி அனுப்பினால், இடத்துக்குரிய பரமானத்தில் நிறத்தை வைத்த கணமே தொகுப்பி வழு காட்டும். வகையைக் கேட்கும் மொழி என்று மேலே சொன்னது இதனால்தான்.

அந்த நிறப் பொருளை ஆக்கும்போதுதான் ஒரு நாள் வகுப்பே சிரித்தது. மின்சாரம் வந்த ஒரு மாலை. ஒரு பிள்ளை சிவப்பு வட்டம் ஒன்று கேட்டு எழுதியிருந்தாள்.

“சேர், எல்லாம் கறுப்பாய்க் கிடக்கு.”

“என்ன அனுப்பினனீர், பிள்ளை?”

“ஒண்டு, பூச்சியம், பூச்சியம். சிவப்பு முழுசாய், மற்ற இரண்டும் இல்லை எண்டு.”

அவள் நினைத்தது நியாயம்தான். புத்தகத்திலே 1 என்றால் முழு அளவு என்று இருந்தது. ஆனால் ஜாவாவில் நிறத்தை ஆக்கும் முறை ஒன்றல்ல. ஒரே பெயரில் பல உண்டு. நிறைவெண் மூன்றை ஏற்கும் ஒன்று 0 முதல் 255 வரை என்று வாசிக்கும். மிதவைப் புள்ளி எண் மூன்றை ஏற்கும் இன்னொன்று 0.0 முதல் 1.0 வரை என்று வாசிக்கும். எதை ஓட்டுவது என்பதைப் பெயர் தீர்மானிப்பதில்லை. அனுப்பும் பெறுமானத்தின் வகைதான் தீர்மானிக்கிறது. 1, 0, 0 என்று புள்ளியில்லாமல் எழுதினால் அவை நிறைவெண்கள். 255 இல் ஒரே ஒரு பங்கு சிவப்பு, கண்ணுக்குக் கறுப்புத்தான். சரி, 1.0 என்று எழுதுவோம் என்று அவள் எழுதினாள். இப்போது செய்நிரல் தொகுப்பியையே தாண்டவில்லை. ஜாவாவிலே வெறும் 1.0 என்பது இருமடங்கு அளவுள்ள டபிள் வகை. அந்த வகையை ஏற்கும் முறை கலர் வகுப்பில் இல்லை. எண்ணுக்குப் பின்னால் ‘எஃப்’ என்ற எழுத்தை ஒட்டி இது ஃபுளோற் வகை என்று சொல்ல வேண்டும். இதிலே வேடிக்கை, மூன்றில் ஒன்றுக்கு மட்டும் எஃப் போட்டாலும் போதும். மற்ற இரண்டு நிறைவெண்களும் தாமாக மிதவைப் புள்ளி எண்ணாக உயர்ந்து அந்த முறைக்குள் போய்விடும்.

256 என்று அனுப்பினால்? தொகுப்பி விட்டுவிடும், அதற்கு அது ஒரு நிறைவெண், அவ்வளவே. ஓடும்போது செய்நிரல் இடையில் நின்று, மூன்றில் எது எல்லை மீறியது என்று பெயர் சொல்லும். தொகுப்புநேர வழுவுக்கும் இயக்கநேர வழுவுக்கும் வேறுபாடு எழுதச் சொன்னால் இந்த இரண்டையும் உதாரணமாகத் தரலாம். புத்தகத்தில் எல்லோரும் எழுதும் பூச்சியத்தால் வகுத்தலைவிடப் பரீட்சகருக்கு இது புதிதாக இருக்கும்.

மதிலுக்குத் திரும்புவோம். பட்டைகள் வந்தன. அதற்குக் கீழே கோயிலின் பெயரை எழுதும் கூற்றையும் சேர்த்தோம். தாள் வெள்ளை. கொப்பியில் ஓட்டிய பதினாறு பேரில் பதினான்கு பேர் பெயரைக் கறுப்பில் எழுதியிருந்தார்கள். இரண்டு பேர் ஒன்றுமே எழுதவில்லை, அவர்கள்தான் சரி. கடைசிப் பட்டை எண்ணி 9, ஒற்றை, வெள்ளை. பட்டை முறை முடிந்து திரும்பினாலும் தூரிகையிலே அந்த வெள்ளை அப்படியே நிற்கிறது. வெள்ளைத் தாளிலே வெள்ளையால் எழுதிய பெயர் யாருக்குத் தெரியும்? ‘நிறம்’ என்ற பரமானம் முறை முடிந்ததும் இல்லாமல் போகிறது, உண்மை. ஆனால் ‘கி’ என்ற பொருளிடம் அது செய்துவிட்டுப் போன மாற்றம் இல்லாமல் போவதில்லை. பரமானத்தின் ஆயுளும் அது தொட்ட பொருளின் ஆயுளும் வேறு வேறு. நல்ல செய்நிரலர்கள் முறைக்குள் புகுந்ததும் கெற்கலர் மூலம் பழைய நிறத்தைக் கேட்டு ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, வெளியேறும்போது அதைத் திருப்பி வைத்துவிட்டுப் போவார்கள். இரவல் வாங்கிய மண்வெட்டியைக் கழுவிக் கொடுப்பது போல.

அடுத்த கேள்வி எப்போதும் வரும்: முறைக்குள்ளே நிறத்தை மாற்றினால் அழைத்தவரிடம் இருக்கும் நிறமும் மாறுமா? கலர் பொருளிடம் டார்க்கர் என்ற ஒரு முறை உண்டு. அது ஒவ்வோர் எண்ணையும் 0.7 ஆல் பெருக்கி மங்கிய நிறம் ஒன்றைத் தரும். 160, 60, 40 என்பது 112, 42, 28 ஆகும். பட்டை முறைக்குள் நிறம் = நிறம்.டார்க்கர்() என்று எழுதிவிட்டால், வெளியே இருக்கும் செங்காவி மங்கிவிடுமா?

மங்காது. பெயின்ற் கடையில் நிற அட்டையைப் பார்த்து இலக்கத்தைத் துண்டில் எழுதி வந்து, அதைப் பார்த்து இன்னொரு துண்டில் எழுதி மேசனிடம் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். மேசன் தன் துண்டில் உள்ள இலக்கத்தை வெட்டி வேறொன்று எழுதினால் உங்கள் சட்டைப்பையில் இருக்கும் துண்டு மாறாது. கடையில் இருக்கும் அட்டையும் மாறாது. ஜாவா எப்போதும் துண்டைப் படியெடுத்துத்தான் அனுப்பும். நிற அட்டையோ அச்சடித்தது; கலர் பொருளை ஒரு தடவை ஆக்கினால் பிறகு அதன் எண்களை யாராலும் திருத்த முடியாது. டார்க்கர் பழைய அட்டையில் மை பூசுவதில்லை. புதிய அட்டை ஒன்றை அச்சடித்துத் தருகிறது. அதை வாங்கி ஒரு மாறியில் வைக்காமல் நிறம்.டார்க்கர்() என்று மட்டும் ஒரு வரி எழுதினால் அந்தப் புதிய அட்டை கீழே விழுந்துவிடும். திரையில் எந்த மாற்றமும் இராது.

பைதனில் இதே விடயம் பரீட்சைக்கு வரத்தக்கது. நிறத்தை வளைவடைப்புக்குள் (160, 60, 40) என்று டியூப்பிளாக அனுப்பினால் மேலே சொன்னது போலவே, உள்ளே திருத்த முடியாது. சதுர அடைப்புக்குள் [160, 60, 40] என்று பட்டியலாக அனுப்பினால் கதை வேறு. சார்புக்குள் பட்டியலின் முதல் உறுப்பை 0 ஆக்கினால் வெளியே உள்ள பட்டியலிலும் அது 0 ஆகும். துண்டு படிதான், ஆனால் இரண்டு துண்டும் காட்டுவது ஒரே அட்டையை. இந்த அட்டையோ பென்சிலால் எழுதியது, யாரும் அழித்து எழுதலாம்.

நுண்கலைப் பிரிவில் ஓவியம் பயின்ற ஒரு தங்கச்சி, வகுப்பில் இருந்த தன் சகோதரியைக் கூட்டிப் போக வருவார். கரும்பலகையில் 255, 255, 0 என்று எழுதி, மஞ்சள் என்று நான் போட்டிருந்ததைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். “சேர், சிவப்பும் பச்சையும் கலந்தால் எங்களுக்கு மண்ணிறம்தான் வரும்.” ஓவியருக்கு அது உண்மை. வர்ணம் ஒளியை உறிஞ்சும்; கலக்கக் கலக்க மிச்சம் வரும் ஒளி குறையும். திரை ஒளியை வீசும். கலக்கக் கலக்கக் கூடும். வாய்ப்பேச்சில் அவர் இணங்கவில்லை. அந்தக் காலத்துக் கண்ணாடிக் குழாய் மொனிற்றரில் மஞ்சட் சதுரம் ஒன்றைப் போட்டு, விரல் நுனியால் ஒரு துளி தண்ணீரைத் தொட்டு வைத்தோம். துளி குவிவு வில்லையானது. உள்ளே மஞ்சள் எங்கும் இல்லை. சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் ஒளிர்ந்துகொண்டிருக்க, நீலப் புள்ளிகள் அணைந்து கிடந்தன. வகுப்பு முழுவதும் வரிசையில் நின்று பார்த்தது. ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் 1861 இல் இலண்டனில், சிவப்பு, பச்சை, நீல வடிகளினூடாக எடுத்த மூன்று படங்களை ஒன்றன்மேல் ஒன்று ஒளியாக விழுத்தி நிறப்படம் காட்டியதும் இதே வித்தைதான். எங்கள் விழித்திரையில் மூன்று வகைக் கூம்புக் கலங்கள் இருக்கின்றன. அதனால்தான் நிறத்துக்கு மூன்று எண் போதும்.

மூன்று வகையும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. இதை எழுதத் தொடங்கியதே இந்தப் பகுதிக்காகத்தான்.

வகுப்பில் ஒரு தம்பி இருந்தான். தாயார் மருதனார்மடம் சந்தையில் மரக்கறி விற்பவர். மதில் பயிற்சியைக் கொப்பியில் ஓட்டிய நாளன்று அவனுடைய அட்டவணை பதினாறு கொப்பியிலும் திறமானது. எண்ணி, இடம், நிறம் மூன்றும் ஒரு பிழையுமில்லை. கோயில் பெயரை எழுதாமல் விட்ட இருவரில் அவனும் ஒருவன். ஆனால் அட்டவணைக்குப் பக்கத்தில் தீட்டிய மதில் கரும்பச்சையும் வெள்ளையுமாக இருந்தது. நிறப் பென்சில் பெட்டி எல்லோருக்கும் பொது. பென்சில்களில் அச்சடித்த பெயர்கள் தேய்ந்து போயிருந்தன. பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்து, “பாசி பிடிச்ச மதில்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், ஆனால் அடுத்த இரண்டு வகுப்புக்கும் வரவில்லை.

மூன்றாம் நாள் தாயாரோடு வந்தான். தாயார் சொன்னார்: “சேர், இவனுக்குச் சின்ன வயசிலையிருந்தே சிவப்பும் பச்சையும் பிடிபடாது. மிளகாய்ப் பழத்தையும் பச்சைமிளகாயையும் தொட்டுப் பார்த்துத்தான் பிரிப்பான். படம் கீறுற படிப்பெண்டால் நிப்பாட்டிவிடட்டோ எண்டு கேக்க வந்தனான்.” மரத்தின் இலைக்கு மண்ணிறமும் தண்டுக்குப் பச்சையும் தீட்டியதற்காகச் சிறு வகுப்பொன்றில் அடியும் வாங்கியிருக்கிறான் என்று தெரிந்தது. உயிரியல் படிப்பவர்களுக்கு இது புதிதன்று. சிவப்பு, பச்சை நிறக்குருடு எக்ஸ் நிறமூர்த்தத்தோடு கடத்தப்படுவது. ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்கு இருக்கும். பெண்களில் மிக அரிது. ஒரு பாடசாலை மண்டபம் நிறைந்த ஆண் பிள்ளைகளில் சிலராவது இப்படி இருப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம். அவர்களிற் பலர் யாருக்கும் சொல்வதில்லை.

தாயாருக்கு அந்தக் கொப்பியைக் காட்டினேன். அவருக்கு அட்டவணை விளங்கவில்லை, ஆனால் சரி போட்ட அடையாளம் விளங்கியது. கணினி பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான், அந்தப் பக்கத்தை அல்ல என்றேன். அவர் மகனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். மின்சாரம் வந்திருந்தது. அவனுடைய செய்நிரலை அவனே தட்டினான். திரையில் மதில் செங்காவியாக வந்தது. அவனுக்கு அது எப்படித் தெரிந்ததோ, தாயாருக்குக் கோயில் மதிலாகத் தெரிந்தது. “கோயில் மதில் மாதிரித்தான் கிடக்கு” என்று தாயார் சொன்ன பிறகே அவன் நிமிர்ந்தான்.

அதன்பின் அவன் எழுதிய செய்நிரல்களில் ஒரு பழக்கத்தைக் கவனித்தேன். எண்ணை எங்கும் நேரே அனுப்பமாட்டான். செய்நிரலின் தலையில் செங்காவி, வெள்ளை, வாழையிலை, மஞ்சள் என்று மாறிலிகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் எண்களை ஒரு தடவை மட்டும் எழுதுவான். கீழே அழைக்கும் இடமெல்லாம் பெயர்தான் போகும். மற்றப் பிள்ளைகள் கண்ணை நம்பி இருபது இடத்தில் 160, 60, 40 என்று சிதறி எழுதியிருந்தார்கள். ஓரிடத்தில் 160 என்பது 106 ஆகிப் போனதையும் திரையில் பிடித்தார்களில்லை. அவனோ திரையை நம்ப முடியாததால் எழுத்தை நம்பினான். மதிலின் நிறத்தை மாற்றச் சொன்ன நாளில் அவன் ஒரு வரியைத் திருத்திவிட்டு இருந்தான். மற்றவர்கள் அந்த அரை மணித்தியாலம் முழுவதும் தேடினார்கள்.

வீதிச் சமிக்ஞை விளக்குப் பயிற்சியில் அவன் இன்னொன்று செய்தான். எல்லோரும் விளக்கு(கி, உயரம், நிறம்) என்று எழுத, அவன் நாலாவது பரமானமாக ஒரு சொல்லையும் சேர்த்தான்: விளக்கு(கி, உயரம், நிறம், சொல்). ‘நில்’, ‘போ’ என்று வட்டத்துக்குள் எழுதுவதற்கு. ஏன் என்று கேட்டேன். “நிறம் மட்டும் வந்தால் எனக்கு ஒண்டும் வராத மாதிரி, சேர்” என்றான். இன்று இணையத்தளம், செயலி என்று எதை வடிவமைப்பவருக்கும் சொல்லப்படும் விதி ஒன்று இருக்கிறது: தகவலை நிறத்தால் மட்டும் உணர்த்தாதே. அந்த விதியை அவன் எங்கும் வாசித்திருக்கவில்லை. அடுத்த பயிற்சியில் வகுப்பில் பாதிப்பேர் நாலாவது பரமானத்தைச் சேர்த்திருந்தார்கள்.

இனிப் பரீட்சைக்காக ஒரு விடயம். கலர் பொருளிடம் கெற்ஆர்ஜிபி என்று கேட்டால் மூன்று எண்களையும் ஒரே நிறைவெண்ணில் அடைத்துத் தரும். கைத்தொலைபேசிச் செயலிகளிலும் நிறம் இவ்வாறு ஒற்றை எண்ணாகப் பயணம் செய்வதுண்டு. முழுச் சிவப்புக்குக் கேட்டுப் பாருங்கள்: −65536 என்று வரும். நிறத்துக்கு மறை எண்ணா என்று திகைக்க வேண்டாம். 32 பிற்றுகளில் முதல் எட்டு ஒளிபுகாமையைக் குறிக்கும். முழுமையாக மறைக்கும் நிறத்துக்கு அவை எட்டும் 1. அடுத்த எட்டு சிவப்பு, அதன்பின் பச்சை, நீலம். எனவே

11111111 11111111 00000000 00000000

இடது கோடியில் 1 என்பதால் இது மறை எண். 2 இன் நிரப்பி காண்போம். எல்லாவற்றையும் புரட்டினால் கடைசிப் பதினாறு பிற்றும் 1 ஆகும், அது 65535. ஒன்றைக் கூட்டினால் 65536. ஆகவே −65536. வெள்ளைக்கு முப்பத்திரண்டும் 1. புரட்டினால் பூச்சியம், ஒன்று கூட்டினால் 1, ஆகவே வெள்ளை −1. கறுப்புக்கும் நீலத்துக்கும் நீங்களே செய்து பாருங்கள். −16777216, −16776961 என்று வர வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் ஏன் சரியாக 255 என்று ஒரு வரி எழுதுங்கள்.

கடைசியாக ஒரு பயிற்சி. கொப்பியில் ஓட்ட வேண்டியது. மங்கல்பட்டை(கி, இடம், நிறம்) என்ற முறையின் முதற் கூற்று நிறம் = நிறம்.டார்க்கர்(). பிறகு அந்த நிறத்தைத் தூரிகைக்குக் கொடுத்து முன்போலவே ஒரு பட்டை நிரப்புகிறது. எண்ணி 0 முதல் 2 வரை ஓடும் மீள்செயலில் மங்கல்பட்டை(கி, எண்ணி×20, செங்காவி) என்று அழைக்கப்படுகிறது. மூன்று பட்டைகளும் ஒரே நிறமா, அல்லது ஒன்றைவிட ஒன்று மங்கலா? மீள்செயல் முடிந்தபின் செங்காவியின் எண்கள் எவை? அதற்குக் கீழே கோயிலின் பெயரை எழுதினால் அது எந்த நிறத்தில் வரும்? அட்டவணை போட்டு, மூன்று எண்களையும் ஒவ்வொரு வரியிலும் எழுதுங்கள். நிறப் பென்சில் கட்டாயமில்லை.